கையும் ஒரு கருவியே: வால்வு சீட் வெட்டும் தொழிலும் வினைமுதல் என்னும் கேள்வியும்

ஒரு செயலுக்கு உரியவராகிய வினைமுதல் யார் என்னும் கேள்விக்குச் சைவ சித்தாந்தம் மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டி விடை சொல்கிறது. குடம் ஒன்று உருவாகும்போது மண் முதற்காரணம், அதாவது காரியமாகவே மாறி நிற்கும் மூலப்பொருள். தண்டும் சக்கரமும் துணைக்காரணம், அதாவது காரியம் முடியும்வரை உடனிருந்து பிறகு விலகிவிடும் கருவி. குயவர் நிமித்த காரணம், அதாவது அறிந்தும் விரும்பியும் செய்பவர். மாயையை முதலாகவும் சக்தியைத் துணையாகவும் இறைவனை நிமித்தமாகவும் கொண்டு உலகின் தோற்றத்தை விளக்குவதற்கு அமைந்த இப்பகுப்பில், சக்கரத்தைச் சுற்றுபவர் குயவரே என்பது சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. சக்கரம் மின்சாரத்தால் சுழன்று, தன் மையத்தைத் தானே தேடி, குறித்த ஆழத்தில் தானே நின்றுவிடுமானால் நிமித்த காரணத்தை எங்கே தேடுவது என்பது உரையாசிரியர்கள் எதிர்கொள்ளாத வினா. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைகளில் நாள்தோறும் நடக்கும் ஒரு சிறு வேலை, வால்வு சீட் வெட்டுதல், இவ்வினாவை மற்றெந்தத் தொழிலையும்விடக் கூர்மையாக எழுப்புகிறது. ஏனெனில் அதே வேலையைக் கையால் செய்பவரும் இயந்திரத்தால் செய்பவரும் இன்றும் அருகருகே இருக்கிறார்கள், இருவரும் வெட்டிய சீட்டுகள் ஒரே சோதனையில் தேறுகின்றன அல்லது தோற்கின்றன.

எஞ்சினின் மேல்மூடியாகிய சிலிண்டர் ஹெட்டில், பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வழியையும் எரிந்த புகை வெளியேறும் வழியையும் திறந்து மூடும் உறுப்பு வால்வு; மூடும்போது அது சென்று அமரும் வளைய விளிம்பே சீட். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை அந்த விளிம்பில் வந்து அமர்கிறது. அமரும் பரப்பின் அகலம் பெரும்பாலான கார்களில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும் என்றாலும், எரிவாயுவின் அழுத்தம் கசியாமல் தடுப்பதும், பழுக்கச் சூடேறும் எக்ஸாஸ்ட் வால்வின் வெப்பத்தில் பெரும்பகுதியை ஹெட்டுக்கும் அதன்வழியே குளிர்நீருக்கும் கடத்துவதும் அந்தக் கீற்றின் பொறுப்பு. அது மிகக் குறுகினால் வெப்பம் போக வழியின்றி வால்வின் ஓரம் கருகும். மிக அகன்றால் அமரும் அழுத்தம் பரவி நலிந்து, கரி இடையில் சிக்கிக் கசிவு தொடங்கும். ஆகவே பொதுவாக 45 பாகைச் சரிவில் சீட்டை வெட்டி, அதற்கு மேலே 30 பாகையிலும் கீழே 60 பாகையிலும் இன்னும் இரண்டு சரிவுகளை வெட்டி, நடுச்சரிவின் அகலத்தையும் அது வால்வின் முகத்தில் தொடும் இடத்தையும் ஒழுங்கு செய்கிறார்கள். குறைவாக வெட்டியதை மறுபடி வெட்டலாம். கூடுதலாக எடுத்துவிட்ட உலோகத்தைத் திருப்பி வைக்க வழியில்லை, வால்வு ஹெட்டுக்குள் தாழ்ந்து அதன் தண்டு மறுபுறம் உயர்ந்துவிடும், கடைசியில் சீட் வளையத்தையே பெயர்த்து மாற்ற நேரும்.

கையால் வெட்டுபவர் முதலில் வால்வின் தண்டு ஏறி இறங்கும் வால்வு கைடு என்னும் குழாய்க்குள் பைலட் என்ற எஃகுக் கம்பியை இறுக்கி நிறுத்துகிறார். கார்பைடு அலகுகள் பதித்த கட்டரை அதன்மேல் இறக்கி, குறுக்குக் கைப்பிடியால் ஒரே திசையில், ஒரே நிதானத்தில் சுற்றுகிறார். கைப்பிடியின் ஒரு பக்கம் சற்றே கூடுதலாக அழுந்தினாலும் கட்டர் சாய்ந்து வட்டம் கோணும். அழுத்தம் நடுங்கினால் உலோகத்தில் அலை அலையாக வரி விழும், அப்போது எழும் ஓசையும் வேறாக இருக்கும். அலகு வெட்டுகிறதா, வழுக்குகிறதா, இறுகிப்போன ஓர் இடத்தில் துள்ளுகிறதா என்பதைப் பழகியவர் மணிக்கட்டிலேயே அறிந்து, எத்தனையாவது சுற்றில் நிறுத்துவது என்று தீர்மானிக்கிறார். பிறகு சீட்டின்மேல் மெல்லிய நீல மசியைப் பூசி வால்வை அமர்த்தி எடுத்துப் பார்க்கிறார்: வால்வின் முகத்தில் நீலம் முழு வளையமாக ஒட்டியிருந்தால் அமர்வு சரி, எங்கேனும் இடைவெளி விட்டிருந்தால் அங்கே புகை கசியும். இறுதியாகக் கார்பொரண்டம் பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டில் வைத்துத் தேய்ப்பதும் உண்டு.

இயந்திரத்தில் மூன்று சரிவுகளும் ஒரே அலகில் அமைந்திருக்கும். பிரான்சின் செர்டி, அமெரிக்காவின் சன்னன், ராட்லர் முதலிய நிறுவனங்கள் செய்யும் இவ்வியந்திரங்களில் சுழல்தலை காற்றின்மேல் மிதந்தபடி, கைடுக்குள் இறங்கும் பைலட்டைப் பின்பற்றித் தன் மையத்தைக் கண்டுகொண்டு, பின் அந்நிலையில் பூட்டப்படுகிறது. பதினாறு வால்வு ஹெட் ஒன்றில் முதல் சீட்டும் கடைசிச் சீட்டும் ஒரே ஆழத்தில் அமைவது இயந்திரத்துக்கு எளிது. கையால் செய்பவருக்குப் பன்னிரண்டாம் சீட்டுக்கு வரும்போதே தோள் தளர்ந்துவிடுகிறது. ஆனால் இரு முறைகளுக்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு. இரண்டுமே கைடையே மையமாக நம்புகின்றன. கைடு தேய்ந்து அகன்றிருந்தால், கையால் வெட்டினாலும் இயந்திரத்தால் வெட்டினாலும், தவறான மையத்தைச் சுற்றி மிகச் சரியான வட்டமே கிடைக்கும். கைடை முதலில் அளந்து பார்த்தவர் யார் என்ற கேள்வி, எதனால் வெட்டினார்கள் என்ற கேள்விக்கு முந்தியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எஞ்சின் வேலையும் தமிழர் வாழ்வும் ஒரே காலத்தில் வேரூன்றின. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் இரயில்வேயின் மத்தியப் பட்டறை எழுந்தது. நீராவி எஞ்சின் பட்டறைகளில் ஃபிட்டர் என்பவரின் தலையாய திறமை, இரண்டு உலோகப் பரப்புகளை நீல மசி தடவி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, தொடும் மேடுகளை அரத்தாலும் சுரண்டியாலும் தேய்த்து, ஆவி கசியாத அளவுக்கு இணைப்பதே ஆகும். இன்றைய கார் பட்டறையில் வால்வு சீட்டைச் சோதிக்கும் நீலம் அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் கடக்க முடியாது: எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பிச் சைவ நூற்பயிற்சியைப் பேணினார்கள், பாதையிலும் பட்டறையிலும் உடலுழைத்தவர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். சித்தாந்தம் படித்தவர் கையில் அரமும், அரம் பிடித்தவர் கையில் சித்தாந்த நூலும் சேர்வது அரிதாகவே இருந்தது. கருவியைப் பற்றி இத்தனை நுட்பமாகப் பேசிய ஒரு தத்துவம் பட்டறைக் கருவியைப் பற்றிப் பேசாமலே போனதற்கு இந்தப் பிரிவையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

பட்டறைக்காரர்கள் தங்கள் தத்துவத்தை நூலில் எழுதாமல் ஆயுத பூசையில் வைத்திருந்தார்கள். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் மலேசியாவில் பொது விடுமுறை இல்லையெனினும், தமிழர் நடத்தும் பட்டறைகளில் ஸ்பேனர்களும் ஜாக்கிகளும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன, வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்குகிறது. கட்டருக்கும் பொட்டு உண்டு. மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸருக்கும் பொட்டு உண்டு. வழிபடுபவர்களுக்குக் கைக்கருவிக்கும் இயந்திரத்துக்கும் இடையே வேறுபாடு தோன்றியதாகத் தெரியவில்லை. வேறுபாடு தோன்றியதெல்லாம் நூல் எழுதியவர்களுக்குத்தான்.

அவர்களுள் முதன்மையானவர் கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் 1877-ல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் கைவினைகளை ஆராய்ந்து 1908-ல் அவர் வெளியிட்ட பெருநூலை, இங்கிலாந்தில், கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மோரிஸ் முன்பு பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே அச்சிட்டார். மரபுக் கைவினைஞருக்குத் தொழிலும் வழிபாடும் ஒன்றே என்பதும், ஆலை அந்த ஒருமையைப் பிளந்துவிட்டது என்பதும் அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. அதற்கு அடுத்த ஆண்டு, 1909-ல், காந்தி தம் 'இந்து சுயராச்சியம்' நூலில் இயந்திர நாகரிகத்தையே பாவமெனக் கண்டித்தார். எனினும் 1924-ல் அது பற்றிக் கேட்கப்பட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார், மனைவியின் உழைப்பைக் குறைக்கும் அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் சொன்ன காரணம். இவர்களுக்கெல்லாம் மிக முற்பட்டது சீனத்தின் சுவாங்சி நூலில் வரும் கதை: குடத்தில் நீர் சுமந்து தோட்டத்துக்கு ஊற்றும் முதியவரிடம் கன்பூசியஸின் மாணவர் ஒருவர் நீரிறைக்கும் பொறியைப் பரிந்துரைக்க, பொறியைக் கையாள்பவரின் நெஞ்சும் பொறியாகிவிடும் என்று முதியவர் மறுக்கிறார். அவர் அஞ்சிய அந்தப் பொறி வேறெதுவும் இல்லை, தமிழ் உழவர் தலைமுறை தலைமுறையாகப் பாட்டுப் பாடி மிதித்த ஏற்றத்தின் உறவினமே. ஒரு நாட்டில் நெஞ்சைக் கெடுக்கும் பொறியாகத் தோன்றியது மற்றொரு நாட்டில் முன்னோர் வாழ்வின் அடையாளமாகப் போற்றப்படுகிறதென்றால், கைக்கும் பொறிக்கும் இடையே கோடு கிழிப்பவர்கள் பெரும்பாலும் தம் பழக்கத்தின் எல்லையையே கிழிக்கிறார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

சைவ சித்தாந்தம் இந்தக் கோட்டை வேறோர் இடத்தில் கிழிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உயிர் உண்டு என்பதை நிறுவும் இடத்தில், உடம்பையே மாயையால் இயன்ற ஓர் இயந்திரம் என்று குறிப்பிடுகிறது. இந்நெறி எண்ணும் முப்பத்தாறு தத்துவங்களில், அதாவது மாயையிலிருந்து தோன்றி உயிருக்குப் பயன்படும் பொருட்கூறுகளில், கையும் ஒன்று. வாக்கு, கால் முதலியவற்றோடு சேர்ந்து கன்மேந்திரியம் எனப்படும் தொழிற்கருவிகள் ஐந்தினுள் வைத்து அதனைப் 'பாணி' என்று வழங்குவர். மனமும் புத்தியுங்கூட அந்தக்கரணங்கள், அகக்கருவிகள். இவை அனைத்தும் சடம், தாமாக எதையும் அறியாதவை. அப்படியானால் குறுக்குக் கைப்பிடியைச் சுற்றும் கையும் கைப்பிடியே இல்லாமல் சுற்றும் மோட்டாரும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. மறுபக்கத்தில் நிற்பது உயிர் ஒன்றே. கைவேலைக்கு இயல்பாகவே ஒரு புனிதம் உண்டு என்னும் எண்ணம், எவ்வளவு இனிமையாகத் தோன்றினாலும், இந்த நெறியில் நில்லாது. கையில் புனிதம் இருக்குமானால் அறிவிலிருந்து அங்கே வந்ததாகவே இருக்க முடியும். அதே அறிவு கட்டருக்கும் மோட்டாருக்கும் நீள்வதைத் தடுக்க எந்தத் தத்துவமும் இல்லை.

இவ்வளவு தூரம் வந்தபின் வேறுபாடே இல்லை என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். அது அவசர முடிவு. தொழிற்கருவிகள் ஐந்தோடு ஞானேந்திரியங்கள் ஐந்தையும், அதாவது அறிகருவிகளையும், சித்தாந்தம் தனியே எண்ணுகிறது. கைக் கட்டரைச் சுற்றுபவரிடம் தொழிலாகிய பாணியும், அறிவாகிய தொடுபுலனும் செவிப்புலனும் ஒரே கணத்தில், ஒரே இடத்தில் கூடுகின்றன: வெட்டுவதும் வெட்டு எப்படி இருக்கிறது என்று அறிவதும் ஒரே சுற்றில் நடக்கின்றன, அறிந்தது அடுத்த சுற்றையே மாற்றுகிறது. இயந்திரம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. தொழில் சுழல்தலைக்குப் போய்விடுகிறது. அறிதல் முன்னதாக ஆயத்தத்துக்கும் பின்னதாகச் சோதனைக்கும் ஒதுக்கப்படுகிறது. இழப்பு என்று ஏதேனும் உண்டென்றால் அது இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ஆங்கிலேய மரவேலை வடிவமைப்பாளர் டேவிட் பை 1968-ல் வெளியிட்ட நூலில், விளைவு ஒவ்வொரு கணமும் செய்பவரின் கவனத்தைச் சார்ந்து கெடக்கூடிய வேலை என்றும், விளைவு தொடங்குமுன்பே உறுதியாகிவிட்ட வேலை என்றும் இரண்டாகப் பகுத்தார். கை, இயந்திரம் என்னும் பெயர்களைவிட இப்பகுப்பு உண்மைக்கு நெருக்கமானது. கைக் கட்டரும் முழுக்கக் கைவேலை ஆகாது, அதன் 45 பாகையைத் தொழிற்சாலை முன்பே உறுதி செய்துவிட்டது, அதன் மையத்தைப் பைலட் உறுதி செய்கிறது. கையிடம் விடப்பட்டவை அழுத்தமும் நிறுத்தும் இடமும் மட்டுமே. இயந்திரம் அவற்றில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை எண்ணாக மாற்றியிருக்கிறது.

எண் காட்டும், காணாது. கண் ஒரு பொருளைக் காண்பதற்கு, உயிர் அதற்குக் காட்டவும் வேண்டும், கூடவே இருந்து காணவும் வேண்டும் என்பதைச் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம் உவமையாக எடுத்துக்கொண்டு, அவ்வாறே இறைவன் உயிருக்குக் காட்டியும் உடன் கண்டும் உதவுகிறான் என்கிறது. உவமையின் முதற்பாதி பட்டறைக்குப் போதும். ஆழம் காட்டும் அளவியும் கசிவு காட்டும் வெற்றிடச் சோதனைக் கருவியும் கண்ணைப் போன்றவை. உடனிருந்து காண்பவர் இல்லாத இடத்தில் அவை திறந்தும் குருடே. இயந்திரத்தில் வெட்டிய சீட்டுகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நீலம் பூசாமலே ஹெட்டைப் பொட்டலம் கட்டும் பட்டறையில் நிமித்த காரணம் வேலையை விட்டு எழுந்து போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். வால்வு கசிந்தால் இயந்திரத்தைப் பழிப்பதும் அங்கேதான் நடக்கும்.

பழி யாருக்கு என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் வெறும் கற்பனைக் கேள்வி ஆகாது. மலேசியர்கள் 'பொமென்' என்று அழைக்கும் மெக்கானிக், புரோட்டோன் காரோ கப்சாய் மோட்டார் சைக்கிளோ கழற்றுகிறார். ஆனால் சீட் வெட்டும் இயந்திரத்தின் விலை சிறு பட்டறையின் முதலீட்டுக்கு எட்டாதது என்பதால் ஹெட்டை மட்டும் இஞ்சினியரிங் கடைக்கு அனுப்பிவிடுகிறார். வண்டிக்காரர் பணம் கொடுப்பது பொமெனுக்கு. வெட்டுபவர் வண்டியையே பார்த்திராதவர். பதஞ்சலியின் யோக சூத்திரம் தீவினையைத் தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, உடன்பட்டது என மூன்றாகப் பகுத்து மூன்றுக்கும் பயன் உண்டு என்கிறது; கீதையின் பதினெட்டாம் அத்தியாயமோ ஒரு செயல் நிறைவேற இடம், கருத்தா, கருவிகள், பலவகை முயற்சி, தெய்வம் என ஐந்து காரணங்களைச் சொல்லி, தான் மட்டுமே கருத்தா என்று நினைப்பவர் சரியாகக் காணாதவர் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அனுப்பியவர் அனுப்பியதோடு விடுபடவில்லை, வெட்டியவரும் இயந்திரத்தைக் காட்டி விடுபட முடியாது என்பது தெளிவாகும். ஐந்தாவது காரணத்தின்மேல் பாரத்தைப் போட்டுவிடும் வழக்கம் நம்மவரிடையே அதிகம் என்பதையும் இடையே சொல்லிவைக்கலாம். கீதை அதைக் கடைசியாகத்தான் எண்ணியிருக்கிறது.

நாயன்மார்களில் திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தோடு நிற்கிறார். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் அந்த எளிய கருவி இல்லாமல் அவர் திருவுருவம் அமைவதில்லை. அதே முற்றத்தை இன்று நீர்ப்பீச்சி இயந்திரத்தால் கழுவினால் அது உழவாரப் பணி ஆகுமா என்று கேட்பவர்களுக்கு, மேற்சொன்ன முறைப்படி, ஆகும் என்றே விடை. பணியின் தகுதி கருவியின் பழமையால் வருவதில்லை. ஆனால் கல்லின் வெடிப்பில் வேரோடியிருந்த அரசங்கன்றை, குனிந்து செதுக்கியவர் கண்டிருப்பார். நின்று பீச்சியவர் காணத் தவறக்கூடும். காணத் தவறினால் குறை பீச்சியவருடையது, இயந்திரத்துடையது இல்லை. இருந்தும், குனிய வைக்கும் கருவியிடம் முதலில் பழகியவர் பின்னர் நின்றுகொண்டும் அதைத் தேடுவார் என்பது அனுபவத்துக்கு ஒத்தது.

இதிலிருந்து பட்டறைக்கு இரண்டு தீர்ப்புகள் கிடைக்கின்றன. வண்டிக்காரரின் எஞ்சினைப் பொறுத்தவரை, கைடைச் சீர்செய்தபின் நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தால் வெட்டுவதே மேல். பதினாறு சீட்டையும் ஒரே அளவில் தருவது அதுதான், கைப்பெருமைக்காக அதை மறுப்பது பிறர் பொருளில் தம் ஆசையைத் தீர்த்துக்கொள்வதாகும். தொழில் கற்க வருபவரைப் பொறுத்தவரை வரிசை மாற வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படித்துவிட்டுச் செந்தூலிலோ கிள்ளானிலோ வேலைக்குச் சேரும் இளைஞரிடம், யாருக்கும் வேண்டாத பழைய ஹெட் ஒன்றையும் ஒரு பைலட்டையும் கைக் கட்டரையும் நீல மசியையும் கொடுத்து, அவர் வெட்டிய சீட்டில் நீலம் முழு வளையமாகப் பதியும்வரை இயந்திரத்தின் பக்கம் அனுப்பாமல் இருப்பது பட்டறை உரிமையாளர்கள் செய்ய வேண்டிய கடமை. அதற்கு ஆகும் செலவு ஒரு சில நாள் கூலியைத் தாண்டாது.